நெஞ்செரிச்சலுக்கு வாங்கிய பொட்டலம்

முதலில் அது ஏப்பமாகத்தான் வந்தது. புளித்த ஏப்பம். சமையல்காரனுக்கு ஏப்பம் வருவதெல்லாம் ஒரு செய்தியா என்று விட்டுவிட்டேன். பிறகு அதோடு ஓர் எரிச்சல் சேர்ந்துகொண்டது. மேல்வயிற்றில் தொடங்கி, மார்பின் நடுவே ஏறி, தொண்டைக்குழியில் வந்து நிற்கும். குனிந்து அடுப்பை ஊதினால் கூடும். ஒரு பிடி சோறு தின்றால் அடங்கும். அடங்கியதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலாயாவில், ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானில் படகுத்துறைக்குப் போகும் தெருவில் எனக்கும் என் மச்சான் சாகுலுக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. சாகுல் என் மனைவியின் தம்பி. அவன் முன்னால் நின்று வருகிறவர்களைக் கவனிப்பான். நான் பின்னால் அடுப்போடு இருப்பேன். மனைவியும் பிள்ளைகளும் கடலுக்கு அந்தப் பக்கம், ஊரில் இருக்கிறார்கள்.

எங்கள் கடையில் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சல் உண்டு என்பது எனக்கு நோய் வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை என் குழம்பைக் குறை சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். இப்போது வந்து, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளாது. அதனால் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து ரமலான் மாதத்தில் ஒரு நோன்பைக்கூட நான் விட்டதில்லை. கப்பலில் வந்த வருஷம் குமட்டலோடு பிடித்தேன். மலேரியா வந்த வருஷம் நடுக்கத்தோடு பிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். எரிச்சல் கூடியபோது எனக்கு வந்த பயம் உயிரைப் பற்றியது அல்ல. நோன்பு நெருங்குகிறதே, பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு எப்படித் தாங்கப் போகிறேன் என்பதுதான்.

அந்தப் பயத்தில்தான் மருந்துச் சாலைக்குப் போனேன். அங்கே இருந்த டிரசர் (டாக்டர் இல்லாத இடத்தில் நோயைப் பார்த்து மருந்து கொடுப்பவர்) என்னைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிஸ்மத் (வயிற்றின் உள்பக்கத்தில் பூச்சுப்போலப் படியும் ஓர் உப்பு) சேர்ந்த வெள்ளைத் தூள் ஒன்றை மடித்துக் கொடுத்தார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணியில கலக்கிக் குடிங்க. வெளிக்குக் கறுப்பாப் போகும், பயந்துக்காதீங்க, அது மருந்தோட நிறம். தூள் தீர்ந்தும் எரிச்சல் தீரலேன்னா கட்டாயம் திரும்பி வாங்க" என்றார்.

அவர் சொன்னபடியே கறுப்பாகப் போனது. எரிச்சலும் குறைந்தது. தூள் தீர்ந்த சில நாளில் எரிச்சல் திரும்பி வந்தது. நான் திரும்பிப் போகவில்லை. கடையில் தலைக்கு மேல் வேலை. மருந்துச் சாலையில் காத்துக் கிடக்க வேண்டும். எதிர்ச்சாரியில் இருந்த சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) மளிகைக் கடையிலோ மருந்து கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது.

சிங்கப்பூரிலிருந்து வரும் பொட்டலம் அது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் படம் மேலே போட்டிருக்கும். தவுக்கே ஒன்றைக் கிழித்து என் கையில் கொட்டினார்.

"பாகுஸ்லா, தம்பி. பெருட் பூன் போலே, கெப்பாலா பூன் போலே" என்று வயிற்றையும் தலையையும் தொட்டுக் காட்டினார். நல்ல சாமான், இரண்டுக்கும் ஆகும் என்றார்.

எனக்கு இரண்டும் இருந்தன. அடுப்புப் புகையில் தினமும் சாயங்காலம் தலை இடிக்கும். ஒரே தூளில் இரண்டும் தீரும் என்றால் யாருக்குக் கசக்கும்? தண்ணீரில் போட்டதும் நுரைத்தது. குடித்தேன். பெரிய ஏப்பம் ஒன்று வந்து நெஞ்சு இறங்கியது. சற்று நேரத்தில் தலைவலியும் போயிற்று. இதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினேன்.

கடைச் சமையலுக்கு வெளியே அரைத்த மசாலாத் தூளை நான் தொடவே மாட்டேன். மல்லியில் என்ன கலந்தான், மிளகாயில் என்ன கலந்தான் என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் என் கண்முன்னால் வறுத்து இடிக்க வேண்டும். அப்படிப்பட்டவன் அந்தப் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. குறைந்தபட்சம் தவுக்கேயிடம் கேட்டிருக்கலாம். அவருக்கும் தெரிந்திருக்காது என்பது வேறு.

நோன்பு பிறந்தது. எங்கள் ஆட்களில் பலருக்கு நோன்பின் முதல் சில நாட்களில் தலைவலி வரும். பசியால் அல்ல, காலைத் தேத்தண்ணீர் இல்லாததால். எனக்கு அதோடு எரிச்சலும் உண்டு. பொட்டலத்தின் மேல் ஒரு வேளைக்கு ஒன்று என்று போட்டிருந்தது. பகலில் குடிக்க முடியாதவனுக்கு வேளை ஏது? அதனால் பகல் வேளைக்கும் சேர்த்து, சஹர் (விடியுமுன் உண்ணும் நோன்புச் சாப்பாடு) முடிந்ததும் இரண்டாகக் கொட்டிக் குடித்தேன். சாயங்காலம் நோன்பு திறந்ததும் எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்றுவிட்டு இன்னொன்று. யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே போட்ட கணக்கு. அதை எண்ணிப் பெருமைப்பட்டும் கொண்டேன்.

"மச்சானுக்கு இந்த வருஷம் தூள்தான் சஹர் சோறு" என்று சாகுல் கேலி செய்தான்.

தூள் வேலை செய்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று. வேலை செய்யாத மருந்தை அன்றே தூர எறிந்திருப்பேன். பத்து நோன்பு தாண்டியபோது மலம் மறுபடியும் கறுப்பாகப் போகத் தொடங்கியது. தாரைப்போலப் பிசுபிசுப்பு, முன்பு இல்லாத ஒரு கெட்ட நாற்றம். நான் பயப்படவில்லை. கறுப்புக்குப் பயப்பட வேண்டாம் என்றுதான் முன்பே சொல்லியிருக்கிறார்களே.

பிறகு சோர்வு வந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. நோன்புச் சோர்வு என்று நினைத்தேன்.

"மூஞ்சியெல்லாம் வெளிறிப் போயிருக்கு மச்சான். ஒரு நோன்ப விட்டுட்டு டிரசர்கிட்ட காட்டிட்டு வந்தா என்ன?" என்றான் சாகுல்.

"நீ முன்னால போயி வர்றவங்களப் பாரு" என்றேன்.

அன்று சாயங்காலம் பள்ளிவாசலுக்கு அனுப்ப வேண்டிய நோன்புக் கஞ்சி அடுப்பில் இருந்தது. துடுப்பால் துழாவிக்கொண்டிருந்தேன். திடீரென்று உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்தது. கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். நோன்பு முறிந்துவிட்டதோ என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் கீழே பார்த்தேன். காப்பி வடிகட்டிய சக்கையைக் கொட்டிவைத்ததுபோல் கிடந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த சாகுல், "அலமாக்! என்ன மச்சான் இது? காப்பி குடிச்சீங்களா?" என்றான். பதில் சொல்லுமுன் விழுந்துவிட்டேன்.

வாடகைக் கார் பிடித்து ஜொகூர் பாருவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி எனக்கு நினைவில்லை. என் கால்களைச் சாகுல் தன் மடியில் வைத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசாதவர். கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பார்த்தார், என்ன மருந்து குடிப்பேன் என்று கேட்டார். சாகுல் என் சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். அதை விளக்கருகே கொண்டுபோய், அடியில் இருந்த பொடி எழுத்தை நிதானமாகப் படித்தார்.

"சோடா இருக்கு. மக்னீசியா இருக்கு. அதுகள் நெஞ்செரிவுக்கு. தலையிடிக்கு ஆஸ்பிரின் (காய்ச்சலையும் வலியையும் தணிக்கும் மருந்து) சேர்த்திருக்கினம். உற்சாகத்துக்குக் காப்பிச் சத்து வேற. கறுப்பாப் போச்சுதோ?"

"போச்சுங்க. ஆனா அது மருந்தோட நிறம்னு டிரசர் சொன்னாரு."

"டிரசர் தந்த தூளில பிஸ்மத் இருந்தது. அது கறுக்கும். இதில பிஸ்மத் இல்லையே. இது கறுப்பாக்காது."

"பின்ன எப்படிங்க?"

"அது உம்முடைய இரத்தம். வயித்துக்குள்ள கசிந்து, செரிச்சு, கறுத்து வெளியில போயிருக்கு."

எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அப்போதுதான். நாள்தோறும் என் இரத்தத்தை நானே பார்த்துவிட்டு, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துத் திரும்பியிருக்கிறேன்.

வயிற்றில் முன்பே புண் இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பிரின் சிலருடைய வயிற்றை அரிக்கும், அதிலும் புண் உள்ள வயிற்றை. தான் கண்ணால் கண்டது இது என்றார். எரிச்சலை அடக்குகிற மருந்தும் புண்ணைக் கிளறுகிற மருந்தும் ஒரே பொட்டலத்தில் இருந்ததால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கசிவு தானாக நின்றால் பிழைப்பேன். நிற்காவிட்டால் அறுக்க வேண்டும். இவ்வளவு இரத்தம் போன உடம்பு அதைத் தாங்குமா என்று கேட்டான் சாகுல். டாக்டர் மறுபடியும் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

முதலில் ஒன்றும் கொடுக்காமல் படுக்கவைத்திருந்தார்கள். அசையக்கூடாது. கசிவு நின்றதுபோல் தெரிந்ததும் பால் வந்தது. மணிக்கு ஒரு முறை சிறு கோப்பையில் பாலும், இடையில் தூளும் (அமிலத்தைத் தணிக்க, ஆஸ்பிரின் இல்லாதது). முதல் கோப்பை வந்தபோது நல்ல பகல். ஜன்னலில் வெயில். நான் வாயை மூடிக்கொண்டேன். மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகைக்கு) அப்புறம் குடிக்கிறேன் என்றேன்.

டாக்டர் வந்தார். "வெறும் வயித்தில ஊறுற அமிலம் சோத்தைத் தின்னாது, உம்முடைய புண்ணைத்தான் தின்னும். இனி உம்முடைய விருப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சாகுலுக்குத்தான் கோபம் வந்தது. அவன் என்னிடம் அதற்கு முன் குரல் உயர்த்தியதில்லை. "நோயாளிக்கு மார்க்கமே விட்டுக் கொடுத்திருக்கு. நீங்க யாருகிட்ட வீம்பு புடிக்கிறீங்க? நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அக்காவுக்கு நான் என்னான்னு எழுதுறது?"

குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன். பால் இளஞ்சூடாக, சர்க்கரை இல்லாமல் இருந்தது.

கசிவு திரும்பவில்லை. அறுக்காமலே பிழைத்தேன். பெருநாளை ஆஸ்பத்திரியில் கழித்தேன். கடைக்குத் திரும்பியபோது சாகுல் வைத்த குழம்பில் புளி தூக்கலாக இருந்தது.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைத் தூளே கூடாது என்று நான் சொல்லவில்லை. விருந்து தின்ற அன்றைக்கு ஒன்று குடித்தால் குடி முழுகிவிடாது. ஆனால் பல சாமான் கலந்த பொட்டலம் என்றால் என்னென்ன கலந்திருக்கிறது என்று படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலிக்கான மருந்து அதில் இருந்தால், வயிற்றில் கோளாறு உள்ளவர்கள் தொட வேண்டாம். போட்டிருக்கும் அளவுக்கு மேல் போகாதீர்கள்; ஒரு வேளையை இன்னொரு வேளையோடு சேர்க்காதீர்கள். ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிக் கேட்டபிறகே இதைத் தொடுங்கள். தினமும் தேவைப்படுகிறது என்றால் அது நோய், டாக்டரிடம் காட்டுங்கள். தாரைப்போலக் கறுத்துப் போனாலோ, காப்பிச் சக்கைபோல் வாந்தி வந்தாலோ, காரணம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். யோசித்தால் நமக்குப் பிடித்த காரணம்தான் கிடைக்கும்.

இப்போது என் நாள் முன்புபோல் இல்லை. அப்போதெல்லாம் வயிறு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது கடிகாரம் பார்க்காமலே நேரம் சொல்லுவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது கேட்கும். ஒரு பிஸ்கட்டோ கொஞ்சம் கஞ்சியோ கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அடுத்த ரமலான் வந்தது. ஜொகூர் பாருவுக்குப் போய் டாக்டரிடம் கேட்டேன். ஒரு நோன்பாவது பிடிக்கட்டுமா என்றேன். கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக, படகுத்துறையில் மூட்டை தூக்க முடியாமல் போன ஒரு கிழவருக்குக் கடையில் சாப்பாடு போடுகிறோம். அது மார்க்கம் சொன்ன வழி. மனசு அதில் அடங்கிவிடவில்லை. பகலில் விறகறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் பிஸ்கட்டைத் தின்றேன்.

நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது எப்போதும் சங்கடம். நாக்கில் வைத்துத் துப்பலாம் என்பார்கள். எனக்கு மனம் ஒப்பியதில்லை. கைக்கணக்கில் போட்டு அனுப்பிவிடுவேன். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இந்த முறை கஞ்சி கொதித்ததும் சாகுல் ஒரு கரண்டியில் எடுத்து, ஊதி ஆற்றி, என்னிடம் நீட்டினான். அவனுக்கு நோன்பு. நான் வாங்கி, வாயில் வைத்து, விழுங்கினேன். இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொன்னேன்.

அன்று பள்ளிவாசலிலிருந்து திரும்பியவர்கள் எல்லாரும், இந்த வருஷம் கஞ்சியில் உப்பு அளவாக இருக்கிறது என்றார்கள்.