இரண்டு முறை திருப்பிய படம்

கண்ணுங்களா,

போன வாரம் நீங்கள் இருவரும் பள்ளிக்கூட மலருக்குப் படம் வரைந்துகொண்டிருந்தீர்கள். "அப்பாவுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது" என்று பெரியவள் சொன்னது தறியில் இருந்த என் காதில் விழுந்தது. கோபம் ஒன்றும் இல்லை. எட்டாவதோடு நின்றவனைப் பற்றி அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆனால் உங்கள் அப்பா ஒரு பத்திரிகைக்கு அட்டைப்படம் போட்டவன். அதுவும் ஊரில் பாதிப்பேர் வேட்டி மடிப்பில் ஒளித்து வைத்துப் படித்த பத்திரிகை. வாயால் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் ஆறாவது படித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, மற்றதில் மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி. மாமாவுக்குக் கை தறியில் இருக்கும், காது எங்கே மேளம் கேட்கிறதோ அங்கே இருக்கும். அவரும் திருப்பருத்திக்குன்றத்து நயினார் வீட்டு அண்ணனும் சேர்ந்து நடத்தியதுதான் 'நாடா'. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவைப் போலக் கைக்குக் கை ஓட வேண்டும் என்று வைத்த பெயர். எந்தத் திருவிழாவில் யார் நாயனம் வாசித்தார்கள், எந்தக் கச்சேரியில் பாட்டுக்காரர் தூங்கி வழிந்தார், தெருக்கூத்தில் யார் வேஷம் எடுபட்டது, எல்லாம் அதில் வரும். எழுதியவர் பெயர் மட்டும் வராது.

பெயர் போடாததற்குக் காரணம் இருந்தது. திருவிழாவுக்கு மேளம் ஏற்பாடு செய்கிறவர்கள் பட்டு முதலாளிகள். எங்களுக்குச் சேலையின் நீள நூலான பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்கிறவர்களும் அவர்கள்தான். "உங்கள் மேளம் சரியில்லை" என்று அச்சில் சொல்லிவிட்டு, மறுநாள் அவரிடமே போய்ப் பாவு கேட்க முடியுமா? பாவு இல்லாவிட்டால் தறி சும்மா கிடக்கும். தறி சும்மா கிடந்தால் அடுப்பும் சும்மா கிடக்கும். ஆகவே 'நாடா' ரகசியப் பத்திரிகை. யார் நடத்துகிறார்கள் என்பது ஊருக்கு ரகசியமே தவிர தெருவுக்கு இல்லை. எங்கள் தெருவில் அது தெரியாதவர் முதலாளி ஒருவர்தான். அவர் அடுத்த தெரு.

அமாவாசையன்று நெசவாளிகள் தறியில் உட்காரமாட்டார்கள். அதுதான் பத்திரிகை வேலைக்கு நாள். நயினார் வீட்டு அண்ணன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்ததால், ஸ்டென்சில் வெட்டி எழுத்துப் பக்கங்களை அங்கேயே சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுத்துக்கொண்டு வருவார். அட்டைப்படம் மட்டும் எங்கள் வீட்டில், மரக்கட்டையில் மை தடவி, தாளில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்துவது. அண்ணன் சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்து அம்மா அவருக்கு இலை போட்டுவிடுவாள்.

"வேலை இல்லாத நாளுக்கும் வேலை கண்டுபுடிச்சிட்டாங்கப்பா" என்பார் அப்பா. அவர் அந்தப் பத்திரிகையைப் படித்து நான் பார்த்ததில்லை. பகலெல்லாம் முகத்துக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

அதுவரை கட்டையில் பூவும் குத்துவிளக்கும்தான் வந்துகொண்டிருந்தன. மாமாவுக்கு வேறு வரையத் தெரியாது. நான் சிலேட்டில் மனிதர்களைப் போடுவதைப் பார்த்துவிட்டு, "டேய், பங்குனி இதழுக்கு ஒரு தவில்காரரப் போட்டுக் குடு" என்றார். தெருக் கோயில் உற்சவம் அப்போதுதான் முடிந்திருந்தது. அதைப் பற்றி, இந்த வருஷம் தவில் தூங்கிவிட்டது என்று அவர் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். என்னை ஒருவர் படம் கேட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. கட்டையில் இருப்பது தாளில் திரும்பி விழும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். நெய்கிறவன் கண்ணில் படுவது பின்பக்கம். சேலையில் வலது பக்கம் பார்க்கிற கிளி, தறியில் இடது பக்கம் பார்க்கும். பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு யார் சொல்லித்தர வேண்டும்? தாளிலேயே தவில்காரரைத் திருப்பி வரைந்து கொடுத்துவிட்டேன்.

மாமாவும் அதே வீட்டில் நெய்கிறவர்தானே. சின்னப் பையன் நேராகத்தான் வரைந்திருப்பான் என்று நினைத்து, தாளைக் குப்புறப் போட்டு ஒட்டி, எண்ணெய் தடவி, மறுபக்கம் தெரிந்த கோட்டின் மேல் செதுக்கிவிட்டார். நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு முறை திருப்பியது பழையபடி நேராகிவிட்டது. அச்சில் அழுத்தியபோது திரும்பிவிட்டது.

தவில்காரர் வழக்கமாக இடது கையில் குச்சி பிடிப்பார். வலது கை விரல்களில் கூடு மாட்டி, அந்தக் கையால்தான் முக்கியமாக வாசிப்பார். எங்கள் அட்டையில் இருந்தவருக்குக் குச்சி வலது கையில், கூடு இடது கையில். அதைப் பார்த்தது அம்மாதான். கடைசித் தாளும் அச்சாகி, நயினார் வீட்டு அண்ணன் இலையில் உட்கார்ந்த பிறகு.

"ஏன் தம்பி, இவுரு பீச்சாங்கையா?" என்றாள் மாமாவிடம்.

மாமா தாளை எடுத்தார். என்னைப் பார்த்தார். "திருப்பியா வரைஞ்ச?" என்றார். "கட்டையில இருக்கறது திரும்பித்தான மாமா விழும்" என்றேன். அண்ணனுக்குச் சாப்பாடு புரையேறிவிட்டது. படுத்திருந்த அப்பாவின் துண்டும் கொஞ்சம் குலுங்கியது. வேறு தாள் வாங்க வழி இல்லை. யார் கையை உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே அனுப்பிவிட்டார்கள்.

எல்லாரும் பார்த்தது கையைத்தான். ஏனென்றால் எங்கள் ஊரில் உண்மையாகவே ஒரு இடக்கைத் தவில்காரர் இருந்தார். எனக்கு அது தெரியாது. காது குத்துக்கும் கிராமத்துக் கோயில்களுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். எங்கள் தெரு உற்சவத்துக்கு மட்டும் கூப்பிடமாட்டார்கள். சாமிக்கு இடது கையால் முழக்குவதா என்று எங்கள் முதலாளி ஒரு தடவை சொல்லிவிட்டார். அது அப்படியே சட்டமாகிவிட்டது. இப்போது அட்டையில் இடக்கைக்காரர், உள்ளே 'இந்த வருஷம் தவில் தூங்கிவிட்டது' என்ற கட்டுரை. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள், அவரைக் கூப்பிடாததைத்தான் குத்திக்காட்டுகிறது என்று நினைத்து, 'நாடா'வுக்கு என்ன தைரியம் என்றார்கள். மாமா அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இரண்டொரு நாளில் அந்தத் தவில்காரரே வந்துவிட்டார். கறுத்த, உயரமான மனிதர், காதில் கடுக்கன். நல்ல வெயில் நேரத்தில், கையில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படம் போட்டது எந்த வூடு?" என்று தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ரகசியம் அத்தோடு தீர்ந்தது.

மாமா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். தவில்காரர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"நீயாப்பா? என் கை உனக்கு எப்படித் தெரியும்? நான் வாசிச்சி எங்க பாத்த?"

எனக்குப் பொய் வரவில்லை. "பாக்கலீங்க. தப்பாத் திரும்பிடுச்சி" என்றேன்.

அவர் கையிலிருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாசலில் உட்கார்ந்து, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "தப்பாத் திரும்பினாத்தாம்பா நான் நேரா இருக்கறேன்" என்றார். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் சைக்கிள் வந்து நின்றது.

அவர் கையிலும் ஒரு 'நாடா' இருந்தது. தவில்காரர் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார்.

"இன்னாப்பா இது, நம்ம பாவுல நெய்துக்கினு நம்மளையே கேலி பண்றீங்களா? யாரு வேலை இது?"

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "படம் எம் பையன் போட்டது, முதலாளி."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இவ்வளவு சின்னவனை அவர் எதிர்பார்க்கவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"சின்னப் பையன். தெரியாம தப்பாப் போட்டுட்டான், அவ்ளோதான? அப்படின்னு நீ சொல்லு, நான் போய்க்கினே இருக்கறேன்."

அதுதான் உண்மையும்கூட. அப்பாவுக்கும் அது தெரியும். அன்று துண்டுக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டவர்தானே. தலையை ஆட்டினாலே போதும், பாவு தப்பிக்கும். அப்பா சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். அவர் கையில் மோர் தம்ளர் அப்படியே இருந்தது.

"தப்பு இல்லீங்க" என்றார் அப்பா. "அவரு அப்படித்தான வாசிக்கறாரு."

முதலாளி பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இந்தப் பாவு முடிஞ்சதும் மிச்ச ஜரிகையக் கொண்டாந்து குடுத்துடு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் இரண்டு தறியும் வெறுமையாகக் கிடந்தன. அப்பாவும் மாமாவும் காலையில் பஸ் ஏறி, ஐயம்பேட்டையில் வேறொருவர் தறியில் கூலிக்கு நெய்துவிட்டு வந்தார்கள். அடுத்த தீபாவளிக்கு முன்னால்தான் இன்னொரு முதலாளி பாவு கொடுத்தார். மறு வருஷம் தெரு உற்சவத்தில் இடக்கைக்காரரும் வாசித்தார். ஓரத்தில்தான் நிறுத்தினார்கள், ஆனால் கூட்டம் அந்த ஓரத்தில்தான் நின்றது. அது எங்கள் பத்திரிகையால் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். வேறு காரணம் எனக்குத் தெரியவும் இல்லை.

ஆனால் முதலாளி வந்துபோன அன்றைக்கு நான் அப்பாவோடு பேசவில்லை. சோறும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமா வாயைத் திறப்பதற்குள் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் விடியற்காலையில் ஐயம்பேட்டைக்குக் கிளம்பும்போது, என் மேல் உள்ள கோபத்தில்தான் வீட்டில் இருக்கமாட்டேன் என்கிறார் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். என்னை அவர் ஒருநாளும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை. 'எம் பையன் போட்டது' என்று ஊரார் முன்னால் சொன்னாரே, அது என்ன என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது பல வருஷம் கழித்து. அப்பா போன பிறகு, முதல் தடவையாக என் பெயருக்குப் பாவு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அந்த எடை தோளில் இறங்கியபோதுதான், அவர் அன்று எதைக் கையிலிருந்து விட்டார் என்று புரிந்தது.

'நாடா' அதற்கு வெகுநாள் முன்பே நின்றுபோயிருந்தது. பாவு கொண்டுவந்த அன்று, உங்கள் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். பரண்மேல் ஏறி அந்தக் கட்டையைத் தேடி எடுத்தேன். தவில்காரரின் காலடியில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் அப்பா பெயரின் முதல் எழுத்தையும், அதற்குப் பக்கத்தில் என் எழுத்தையும், திருப்பிச் செதுக்கினேன். மை தடவி ஒரே ஒரு தாளில் வைத்து அழுத்தினேன். இரண்டும் நேராக விழுந்தன.