கெசையா அறுக்கச் சொன்ன உத்தரம்

கெசையா கேட்ச்போல் மணமாகி அந்தப் பண்ணை வீட்டுக்கு வந்த முதல் வாரமே முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். மாடியில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக, குறுக்கே முழங்கால் உயரத்தில் கிடக்கும் ஓக் உத்தரத்தைத் தாண்டவேண்டும். இங்கிலாந்தில் எங்கள் சஃபோக் பக்கத்துப் பழைய வீடுகளில் இது புதிதில்லை. ஓக் தூண்களை நிறுத்தி, உத்தரங்களைக் கோத்து, மர ஆணி அடித்து, இடைவெளிகளில் குச்சித் தட்டி பின்னிக் களிமண் அப்பிய வீடுகள். சுவர் வெறும் போர்வைதான். பாரத்தைச் சுமப்பது மரக்கூடு.

சந்துக்கு எதிர்ப்பக்கம் குடியிருந்தவள் நான். கெசையா தம்பதிக்கு ஒரே மகள், தெர்ஸா. ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் போயிற்று. பால் அறைக்கு மேலே இருந்த பின்னறையில் அவளைக் கிடத்தினார்கள். கையை ஊன்றி, சாக்கின்மேல் உட்கார்ந்து, தரையில் இழுத்துக்கொண்டே நகர்வாள். உத்தரம் வரைக்கும் வருவாள். அதன்மேல் மோவாயை வைத்துக்கொண்டு, அப்பால் முன்னறை ஜன்னலில் தெரியும் துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கெசையா தச்சர் ஆம்ப்ரோஸைக் கூட்டிவந்து, உத்தரத்தை அறுக்க முடியுமா என்று கேட்டாள்.

"இது வீட்டுக்கு இடுப்பு வார் மாதிரி, கெசையா," என்றார் அவர். "கூரை ரெண்டு சுவரையும் வெளியே தள்ளுது. இதுதான் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கு. அறுத்தா கால்சட்டை அவுந்த கதைதான்."

"எத்தன நாள் தாங்கும்?"

"அது அந்த ஓக்குக்கே தெரியாது."

"அப்ப அறுங்க."

கணவன் ஜோனஸ் கத்தினான். "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் இதத் தாண்டிப் போய்த்தான் படுத்தாங்க!"

"அவங்களுக்குக் கால் இருந்துச்சு. நீ அறுக்கிறியா, நான் அறுக்கவா?"

ஜோனஸ்தான் அறுத்தான். சுவர்கள் விலகாமலிருக்க ஆம்ப்ரோஸ் தலைக்கு மேலே தூணுக்குத் தூண் ஓர் இரும்புக் கம்பியை இழுத்து முடுக்கினார். சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளே அந்தத் தூண்களின் தலை உளுத்துப்போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் தெர்ஸா முன்னறை ஜன்னலில்தான் இருந்தாள். சந்தில் போகிற எல்லோரையும் வம்புக்கு இழுப்பாள். "உங்க தொப்பில கோழி முட்டை போட்டுச்சா?" என்று என்னிடம் கேட்பாள். கெசையா கீழே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே சிரிப்பது வெளியே கேட்கும்.

அடுத்த இலையுதிர்காலத்தில் கதவுகள் மூட மறுத்தன. களிமண் பாளம் பாளமாக உதிர்ந்தது. பின்சுவருக்கும் மாடித் தரைக்கும் நடுவே கை நுழையும் அளவுக்குப் பிளவு விட்டது. ஜோனஸ் வெளியே மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்தான். கெசையா பிளவில் வைக்கோலையும் கந்தலையும் திணித்தாள். காற்று எப்படியும் வழி கண்டுபிடித்தது. தெர்ஸாவுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. பனி உருகத் தொடங்கியபோது அவளைத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம்.

அன்று சமையலறையில் ஜோனஸ் சொன்னான்: "அறுத்தது நான்."

"அறுக்கச் சொன்னது நான்," என்றாள் கெசையா. "உன் பங்குக்கு நீ அழு. என்னுத எடுத்துக்காத."

அதற்குப்பின் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதாக எனக்குத் தெரியாது. ஒரே மேசையில் உட்கார்ந்து, பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் தின்றார்கள்.

நவம்பர் மழையில், நடுப்பகலில் பின்சுவர் விழுந்தது. இருவரும் வயலில் பீட்ரூட் பிடுங்கிக்கொண்டிருந்ததால் உயிர் தப்பினார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாடி அறை திறந்து கிடந்தது. தெர்ஸாவின் படுக்கை விரிப்பு மாறாமல் அப்படியே மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஊரே சந்தில் நின்று பார்த்தது. கெசையா இடிபாட்டின்மேல் ஏறிப் போய் அந்த விரிப்பை மடித்து எடுத்துவந்தாள். யாரும் தடுக்கவில்லை.

ஊர்க்கோடியில் ஒரு செங்கல் வீட்டுக்குக் குடிபோனார்கள். ஜோனஸ் அங்கே அதிக காலம் இருக்கவில்லை. அவனை அடக்கம் செய்த பிறகு அவளிடம் ஒருமுறை கேட்டுவிட்டேன்: "அறுக்காம இருந்திருக்கலாம்னு தோணலையா, கெசையா?"

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"தினம் தோணும்," என்றாள். "அப்புறம் அவ அந்தக் கட்டை மேல மோவாய வச்சுக்கிட்டு இருந்தது ஞாபகம் வரும். மறுபடியும் அறுக்கத்தான் சொல்வேன்."

எழுந்து போய்த் தேநீருக்குக் கெட்டிலை வைத்தாள்.