பரம்புப் பலகையும் எண்ணூர் அலையும்

கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த எண்ணூர் மீனவக் குப்பத்துக்காரனை இன்றும் எனக்குப் பிடிக்காது. எழுபதுகளில் தினமும் கேன்டீனில் அவனுக்கு நான்தான் நாஷ்டா. "இன்னா நைனா, வயக்காட்டானுக்குத் தண்ணின்னா முட்டி வரைக்கும்தானே? எங்க ஊட்டுப் புள்ளைங்க கட்டை மேல நின்னுக்கினே அலையில வரும்!" எல்லோரும் சிரிப்பார்கள்.

நானும் பலகையில் நிற்பவன்தான். உழுத சேற்றைச் சமப்படுத்த, மாடுகளுக்குப் பின்னால் கட்டும் பரம்புப் பலகையில் ஏறி நின்றே வளர்ந்தவன். ஒரு ஞாயிறு, அண்ணனைக் கேட்காமல் அந்த மாம்பலகையைத் தூக்கிக்கொண்டு எண்ணூருக்கு ரயிலேறினேன். மறுநாள் விடிந்ததும் நாற்றங்காலுக்குப் பரம்படிக்க வேண்டும். பலகை போனால் அண்ணன் என்னை வீட்டில் சேர்க்கமாட்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் கரையைப் பார்த்துப் பலகைமேல் குப்புறப் படுத்தேன். அலை தூக்கியதும் எழுந்தேன். கைகள் தாமாகக் கயிற்றைத் தேடின. உடம்பு பின்னால் சாய்ந்தது. பரம்பில் மாட்டுக் கயிற்றைப் பிடித்து அப்படித்தான் நிற்போம், முன்னால் மாடு இழுக்கும். இங்கே ஏது மாடு? மல்லாந்து விழுந்தேன். கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அவன், ஒதுங்கிய பலகைமேல் உட்கார்ந்துகொண்டான்.

"பலகை வோணுமா? 'கடல் எனக்கு ஆவாது, தெரியாம வந்துட்டேன்'னு சொல்லிட்டு எடுத்துக்கினு போ. இல்லாங்காட்டி நின்னு காட்டு."

சொல்லியிருந்தால் அடுத்த ரயிலைப் பிடித்திருப்பேன். சொல்ல மனம் வரவில்லை. கூச்சமல்ல, வெறுப்பு. நின்று காட்டுவதற்காகப் பலகையைக் கேட்டுக் கையை நீட்டினேன்.

இரண்டாம் முறையும் விழுந்தேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. முழங்காலை மடக்கு, பாரத்தை முன்காலில் போடு என்று அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "எருமையக் கூப்புடுடா!" என்றான். மூன்றாம் முறை, கயிறு தேடாதபடி கைகளை அகல விரித்துக்கொண்டேன். முழங்காலை மடக்கி முன்னால் குனிந்தேன். நாலைந்து மூச்சு நேரம் நின்றபடியே கரைக்கு வந்தேன்.

பலகையைத் தோளில் ஏற்றித் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். மறுநாள் பரம்படித்துவிட்டு மதிய ஷிப்டுக்குப் போனால், கேன்டீனில் அவன் சத்தம்தான். "நான்தான்பா இவனுக்குக் கத்துக்குடுத்தேன். பேஜாரு புடிச்ச ஆளு, ஆனா நின்னுட்டான்!"

என் டீயை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன். அவன் வேலையை விட்டுப் போகும்வரை அவன் இருந்த மேசையில் நான் உட்காரவில்லை.