இடி இல்லாத மழை

பிள்ளைகளா, மழை பிடித்தால் அம்மா குடையோடு வீட்டுக்குப் பின்னால் போய் வாய்க்காலைப் பார்ப்பதை நீங்கள் கேலி செய்கிறீர்கள். நான் உங்களோடு சேர்ந்து சிரிப்பதில்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், டிசம்பர் மாதம். பிரிஞ்சாங் ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் நான் லோரி ஓட்டினேன். அம்மா அங்கேதான் கொழுந்து பறித்தாள். ஒருநாள் மதியம் மழை கொட்டியது. சரிவின் அடியில் இருந்த கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அம்மாவோடு ஆறு பெண்கள் ஒதுங்கினார்கள்.

"நடந்தே லயத்து வீட்டுக்குப் போயிடலாமா, தம்பி?" என்றார் ஓர் அக்கா.

"இருங்கக்கா, மூணு மணிக்கெல்லாம் விட்டுடும் லா. லோரியிலேயே கொண்டு போய் விடுறேன்."

"ஆமா, நாங்க சீனி பாரு, நனைஞ்சா கரைஞ்சிடுவோம்!" என்று அவர் சிரித்தார். ஆனாலும் என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

நம் மலையில் வழக்கமான மழை அப்படித்தான். காலை வெயிலில் சூடான காற்று மேலே போய் மேகமாகும், இடி இடிக்கும், ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அன்று இடியே இல்லை. காலையிலிருந்தே வாடைக்காற்றில் ஸ்டீரிங் பிடித்த விரல்கள் விறைத்தன. அது நம் ஊர்க் காற்றே இல்லை. சீனா பக்கம் குளிர்காலத்தில் கனத்த காற்று தெற்கே தள்ளிக்கொண்டு வந்து, கடல் ஈரத்தை அள்ளி, நம் மலையில் முட்டி மேலே ஏறிக் கொட்டுகிறது. பின்னாலிருந்து அந்தக் காற்று தள்ளிக்கொண்டே இருக்கும்வரை மழை நிற்காது. இதெல்லாம் பிறகு உங்கள் பள்ளிப் புத்தகத்தில் படித்தது. அன்று நான் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி ஆயிற்று. கொட்டகைக்குப் பின்னால் மேலிருந்து இறங்கும் வாய்க்காலில் பூட்ஸ் கழுவப் போன அம்மா உடனே திரும்பினாள்.

"என்னங்க, வாய்க்கால்ல தண்ணி நின்னுபோச்சு."

"நல்லதுதானே, மழை குறையுது."

"மேல கேளுங்க. குறைஞ்சா இருக்கு?"

தகரக் கூரை அதே வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. இவ்வளவு மழையில் தண்ணீர் வரவில்லை என்றால், மேலே மண் சரிந்து அதை அடைத்து நிற்கிறது; எந்த நேரமும் உடைத்துக்கொண்டு இறங்கும்.

"லோரி வேணாம், ஓடுங்க!"

சாலையோரமாக ஓடினோம். கூடையை எடுக்கத் திரும்பிய அக்காவைக் கையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் மரங்கள் முறியும் சத்தம். காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. திரும்பினால் பனிமூட்டம், எதுவும் தெரியவில்லை. அம்மாவைக் காணோம். பேர் சொல்லிக் கத்தினேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்தது. அவள்தான்.

மூட்டம் விலகியபோது கொட்டகை இருந்த இடத்தில் சிவப்பு மண். லோரியின் மேல்கம்பி மட்டும் வெளியே தெரிந்தது.

எல்லோரும் பிழைத்தோம். ஆனால் அவர்களை அங்கே உட்கார வைத்தது நான்தான். அது இன்னும் எனக்குள் கிடக்கிறது.

வெட்டவெளியில் புதுக் கொட்டகை போட்ட பிறகு, ஒருநாள் விடியும்போது நான் மட்டும் அங்கே போனேன். உரச் சாக்கில் ஒரு துண்டு கிழித்து, மூங்கில் நுனியில் கட்டி நட்டேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வாடையா இல்லையா என்று அது காட்டும்வரை, அதன் அடியிலேயே நின்றிருந்தேன்.