ஸ்டெல்லா பூட்டிவிட்டுப் போன அறை

குழாயடியில் அடுத்தவர் குடங்களை வரிசை மாற்றி வைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "டேய், ஸ்டெல்லா பூட்டாடா" என்றார் எதிர்வீட்டு மாமு. காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. அன்று குடத்துக்காக யாரும் என்னைத் திட்டவில்லை.

ராயபுரத்தில் எங்கள் சந்துக்கே அவளைத் தெரியும். துறைமுக ஆபீசில் கம்ப்யூட்டருக்கு அட்டை துளைக்கும் வேலை. வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கப்போவதாகச் சொன்னபோது, "அட்டையில போட்ட ஓட்டை பத்தலியாக்கா, நைனா ஜோப்புலயும் போடப்போறியா?" என்று கேட்டேன். நைனா, அவள் அப்பா. சந்தில் எல்லோருக்கும் அவர் நைனாதான்.

கப்பலில் ரேடியோ வேலை பார்க்கும் அவள் சித்தப்பா கொண்டுவந்த பத்திரிகையில், கம்ப்யூட்டரை இயக்கும் யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டைப் பற்றிப் படித்திருந்தாள். ஒரே கம்ப்யூட்டரில் பல பேருக்குத் தனித்தனி இடம். ஒருவர் இடத்தில் இன்னொருவர் கை வைக்க முடியாது. ஆறு பேர் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் பிறந்தவளுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் அது ஓடும் கம்ப்யூட்டரின் விலைக்கு எங்கள் சந்தையே வாங்கலாம். ஆபீசில் கழித்துப்போட்ட பழைய மெஷின் மலிவு, ஆனால் பீரோ உயரம். "அத்த உள்ள வெச்சா நாம தெருவுல படுக்கணும்" என்றார் நைனா. கடைசியில் மின்விசிறி வாங்கும் யோசனையைக் கைவிட்டு, சிங்கப்பூரிலிருந்து ஒரு பலகைக் கம்ப்யூட்டரை வரவழைத்தார்கள். சிலேட்டு அளவு, கொஞ்சம் பொத்தான்கள், எண் காட்டும் சிவப்பு விளக்கு.

"யூனிக்ஸ வாங்க வக்கில்ல. அதோட கொணத்த வாங்கிக்கலாம்" என்றாள்.

அவளே அதற்கு உத்தரவுகள் எழுதி, பலகைக்குள் ஆளுக்கோர் அறை அமைத்தாள். உள்ளே எண்கள் மட்டுமே வைக்கலாம். திறக்க ஆளுக்கொரு ரகசிய எண். தம்பி கோலிக் கணக்கை வைத்தான். அம்மா வைத்தது இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கும் ஓர் அறை தந்தாள். நான் 420 என்று போட்டுவைத்து, அவள் அறையைத் திறக்கப் பார்த்தேன். "தட்டாம வராத. உனக்கு ஒரு ரூமு கீதுன்னா எனக்கும் கீதுல்ல?" என்றாள்.

கரண்ட் போனால் பலகை எல்லாவற்றையும் மறந்துவிடும். கேசட்டில் பதிந்து வைத்திருந்தால் திரும்ப ஏற்றலாம். ஆஸ்பத்திரிக்குப் போன அவசரத்தில் அவள் கடைசியாக வைத்ததைப் பதியவில்லை.

அடக்கம் முடிந்து வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது; நல்லவேளை, அதுவரை கரண்ட் போகவில்லை. அவள் பாய் விரிக்கும் இடத்தில் தம்பி சுருண்டு கிடந்தான். வேறு இடம் ஏது?

"நீதான் கேடியாச்சே. அவ ரூமத் தொறடா. இன்னாதான் வெச்சிருந்தான்னு பாத்துக்கறேன்" என்றார் நைனா.

பலகையை நோண்டி நோண்டி, ரகசிய எண் இல்லாமலே திறக்கும் வழி எனக்குத் தெரிந்திருந்தது. பொத்தானில் விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"வேணாம் நைனா. தட்டுனா தொறக்க அவ இல்லியே."

நைனா பரணிலிருந்து டேப்ரிக்கார்டரை இறக்கினார். "கரண்டு பூடும். பூட்டுனாப்புலயே பதிஞ்சு வெய்யி."

பூசைப் பாட்டு கேசட்டின் மேலேயே பதிந்தோம். சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. கேசட்டை ஓட்டினோம். எல்லா அறைகளும் திரும்பி வந்தன, அவளுடையது பூட்டியபடியே.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். அவர்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். இப்போது அதையும் தட்டிவிட்டுத்தான் நுழைகிறேன். "இன்னாடா புதுசா?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை.