புதன்கிழமை மாத்திரை

மூட்டு வார்டில் அவளுக்குக் கைரேகை சிஸ்டர் என்று பெயர். நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன் கையைத்தான் பார்ப்பாள். விரல் நுனிக் கணுக்கள் முண்டு கட்டியிருந்தால் தேய்மானம். இரண்டு கையிலும் விரல் தொடங்கும் இடம் ஒன்றுபோல வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் மடங்க மறுத்தால் முடக்குவாதம். கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போனால் யூரிக் அமிலம். எனக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டு லேப் பையன்கள் கையை நீட்டுவார்கள். உள்ளங்கையில் சுள்ளென்று ஓர் அடி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அன்று காலை தையல்காரம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தபோதும் கையைத்தான் பார்த்தாள். முடக்குவாதக் கை. ஒன்பது நாளுக்கு முன் இதே வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவள். வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. உதடு முழுக்கப் புண். உடம்பு கொதித்தது. முழங்கையில் அடிபடாமலே நீலத் திட்டுகள்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டார்களா என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற புருஷன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரு நாள்கூடத் தவறல சிஸ்டர். ஏழு மணி அடிச்சா மாத்திரை வாயில இருக்கும்."

முடக்குவாதத்துக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள், புதன்கிழமை மட்டும். தினமும் விழுங்கினால் எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தையே அது வற்றடித்துவிடும். டாக்டரைக் கூப்பிட போனை எடுத்துத் திரும்பினால், கண்டக்டர் மனைவியின் உதட்டருகே டம்ளரை வைத்திருந்தார். உள்ளங்கையில் அந்த மஞ்சள் மாத்திரை.

"இன்னிக்கு வர்ற அவசரத்துல நேரம் தாண்டிருச்சு..."

பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மாத்திரை தரையில் உருண்டது.

ரத்தம் லேபுக்குப் போயிற்று, மாற்று மருந்து ஊசி வந்தது, தனி அறை தயாரானது. வெள்ளை அணுக்கள் அபாயக் கோட்டுக்குக் கீழே. மருந்துக் கடைக் கவரில் 1-0-0 என்று, தினமும் காலையில் ஒன்று என்ற கணக்கில், எழுதியிருந்தது. அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். புதன்கிழமைதானே என்று மனைவி ஒருமுறை கேட்டதற்கு, எழுதியிருப்பதைவிட உனக்குத் தெரியுமோ என்று மடக்கிவிட்டாராம்.

சொல்லிக் கொடுத்தது யார் என்று டாக்டர் கேட்டார். அவள் கவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"நான்தான் டாக்டர். புதன்கிழமை மட்டும்னு அம்மாகிட்ட மூணு தடவை சொன்னேன். மாத்திரை அட்டையப் பிரிக்க அவங்க விரலால முடியாது, பிரிச்சுக் குடுக்கறது இவர்தான்னு தெரிஞ்சும் இவர்கிட்ட சொல்லல. வீட்டுக்கு அனுப்பின அன்னிக்கு இவர் வண்டி பிடிக்கப் போயிருந்தார். நான் காத்திருக்கல."

கண்டக்டர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். என் கையாலேயா கொடுத்தேன் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மூன்று நாள் அணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. டியூட்டி முடிந்தும் அவள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் லேப் வாசலிலேயே கிடந்தாள். நான்காம் நாள் காலைத் தாளில் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. சிறிய ஏற்றம்தான். தாளோடு ஓடிவந்து முதலில் கண்டக்டரிடம் சொன்னாள், பிறகுதான் டாக்டரிடம்.

தனி அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைகுனிந்து நின்றவரைத் தையல்காரம்மா புண் வாயோடு பார்த்தாள்.

"முப்பது வருஷத்துல இந்த ஒரு வேலையத்தான் சொன்ன நேரத்துக்கு செஞ்சாரு சிஸ்டர்," என்றாள் மெல்ல. "பாருங்க, அதுவும் இப்படி."