இரண்டு பேர் மிதித்த பிரேக்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு இடத்தில் கற்றுக்கொண்டவர்கள். டிரைவிங் ஸ்கூல் என்றதும் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். சலவைக்கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை, சுவரில் சாலைக் குறிகளின் படம், மூன்று நாற்காலி, வெளியே தலையில் பலகை சுமந்த ஒரு வெள்ளைக் கார். ஆசிரியர், முதலாளி, வண்டி கழுவுகிறவர் எல்லாம் அக்கா ஒருத்திதான்.

அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்காரர் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் மறந்தால் அக்கா மிதிப்பாள். மிதிப்பதற்கு முன்னால் "பிரேக்!" என்று தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கிற ஒரு கத்தல். மிதித்த பிறகு அர்ச்சனை. "அவ்வளவு பெரிய லாரி கண்ணுக்குத் தெரியலையா? அது என்ன எறும்பா?" என்பாள். "நீங்க நின்னுடுவீங்கன்னு நம்பி அந்தம்மா ரோட்டைக் கடக்கறாங்க. அவங்க நம்பிக்கைக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்பாள். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. திட்டு வாங்கியவர்களே பிறகு தம்பி, தங்கை, மச்சான் என்று ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வாய் சரியாக வேலை செய்தால் காலுக்கு வேலை குறையும் என்பது அவள் கட்சி.

ஆனாலும் இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் கால் எந்த வண்டியிலும் சும்மா இருப்பதில்லை. கணவர் ஓட்டினால் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டே வருவாள். "பாத்து மிதி, ஓட்டை விழுந்தா ரெண்டு பேரும் நடந்துதான் வீட்டுக்குப் போகணும்" என்பார் அவர்.

இப்படிப்பட்டவள் வாயைக் கட்டிப்போட ஒருவர் வந்தார். அவர்தான் சம்பந்தியம்மா.

மகளைக் கட்டிக்கொடுத்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மருமகனின் அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டுக்காரருக்குக் கண்ணில் கோளாறு. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகிச்சைக்கு வாரம் தவறாமல் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். கார் என்னவோ வாசலில் சும்மாதான் நிற்கிறது. "நானே கத்துக்கிட்டு ஓட்டிட்டுப் போறேன்" என்று சம்பந்தியம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார். சொந்தச் சம்பந்தி டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும்போது வேறு எங்கே போவார்?

முதல் நாள் முடிந்ததும் அக்காவுக்கு நிலைமை புரிந்துவிட்டது. ஸ்டியரிங் பிடிப்பது அருமை. கியர் மாற்றுவது பரவாயில்லை. கண்ணாடி பார்ப்பதில் குறையே சொல்ல முடியாது. நிறுத்துவது மட்டும் வரவில்லை. முன்னால் போகிற வண்டி நின்றுவிட்டாலும் சம்பந்தியம்மா அமைதியாகப் போய்க்கொண்டே இருப்பார். கடைசி நேரத்தில் பிரேக்கில் பட்டும் படாமலும் கால் வைப்பார், தூங்குகிற குழந்தைமேல் போர்வை போடுகிற மாதிரி. வேறு யாராவது இப்படி ஓட்டியிருந்தால் அக்கா வெளுத்து வாங்கியிருப்பாள். சம்பந்தியை எப்படித் திட்டுவது? மகள் அந்த வீட்டில்தானே இருக்கிறாள்? நாக்கை மடக்கிக்கொண்டு காலை நீட்டினாள். சத்தம் போடாமல் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தினாள். வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது.

"எப்படி சம்மந்தி?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"சூப்பர் சம்மந்தி! கை வந்த கலை மாதிரி இருக்கு" என்றாள் அக்கா, வாய் கூசாமல்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வாய் வேலை செய்யாத குறைக்குக் கால் இரட்டிப்பு வேலை பார்த்தது. திட்ட முடியாமல் அடக்கிய கோபம் எல்லாம் பிரேக்கில் இறங்கியது. சம்பந்தியம்மாவோ தன் கால் லேசாகப் பட்டாலே வண்டி நின்றுவிடுகிறது என்று நம்பி, இன்னும் லேசாக, இன்னும் தாமதமாக மிதிக்கப் பழகினார். டெஸ்ட் தேதியும் குறித்தாயிற்று. டெஸ்டில் அதிகாரி பக்கத்தில் இருப்பார், எப்படியோ தப்பிக்கலாம். அதற்குப் பிறகு? கண் சரியாகத் தெரியாத மனுஷரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பக்கத்து பிரேக் இல்லாத சொந்த வண்டியில், நெரிசலான சாலையில் இந்தம்மா போகும்போது யார் மிதிப்பார்கள்? அதை நினைத்தால் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். நாளைக்கும் "சூப்பர் சம்மந்தி"தான் வாயில் வரும்.

அப்போதுதான் பிரேக் சத்தம் போட ஆரம்பித்தது.

முதலில் எலிக்குஞ்சு மாதிரி ஒரு கீச். பிறகு தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். மிதிக்கும்போது ஸ்டியரிங்கும் கிடுகிடுவென்று நடுங்கியது. "என்ன சம்மந்தி இது?" என்றார் சம்பந்தியம்மா. "தூசி" என்றாள் அக்கா. அடுத்த நாள் "நேத்து மழையில நனைஞ்சுடுச்சு" என்றாள். அதற்கு அடுத்த நாள் ரோடு சரியில்லை என்றாள். பிறகு காரணம் தீர்ந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். ஜாக்கி என்று எல்லோரும் கூப்பிடுகிற மெக்கானிக் சலவைக்கடைக்கு வரும்போதெல்லாம் "அக்கா, வண்டி அழுவுது, கொண்டுவந்து விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். இந்தப் பாடங்கள் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

சம்பந்தியம்மா வாழ்நாள் முழுக்கக் கணக்கில் விடை சரியா தப்பா என்று மட்டும் பார்த்தவர். ஒரு நாள் ரேடியோவை அணைத்தார். மறுநாளும் அணைத்தார். சத்தத்தையே கவனித்தபடி ஓட்டினார்.

மூன்றாம் நாள் அச்சகத்துச் சுவரில் போய் முடிகிற ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். சுவர் நெருங்கியது. இன்னும் நெருங்கியது. சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தின் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. அக்காவின் கால் தானாக அழுத்தியது. கீச் என்று அலறி, குலுங்கி, வண்டி நின்று எஞ்சினும் அணைந்தது.

"சம்மந்தி, கொஞ்சம் கீழ பாருங்க" என்றார் சம்பந்தியம்மா.

அக்கா எட்டிப் பார்த்தாள். சம்பந்தியம்மாவின் வலது கால் பிரேக் பக்கமே இல்லை. சீட்டுக்கு அடியில் மடித்து இழுத்து வைத்திருந்தார்.

"நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு நாளா சத்தம் வருது. அதான் இன்னிக்கு மிதிக்காமலே பாத்தேன். அப்பவும் சத்தம் வருது, வண்டி நிக்குது. அப்ப நான் எதுக்கு?"

அக்கா காலும் களவுமாகப் பிடிபட்டுவிட்டாள். முகத்தில் அசடு வழிந்தது. "உங்க மனசு நோகக் கூடாதேன்னு..." என்று இழுத்தாள்.

"என் மனசை விடுங்க. உண்மையைச் சொல்லுங்க. இத்தனை நாள்ல நானா எத்தனை தடவை நிறுத்தியிருப்பேன்?"

"வீட்டு வாசல்ல நிறுத்துவீங்களே, அது நீங்கதான்" என்றாள் அக்கா. பிறகு அதுவும் பொய் என்று தோன்றியது. "அதுலயும் பாதி நான்."

சம்பந்தியம்மா கதவைத் திறந்து இறங்கினார். குடையை எடுத்துக்கொண்டார். "நான் நடந்தே போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அன்று ராத்திரியே மகள் போன் செய்தாள். "அம்மா, என்ன பண்ணி வச்சீங்க? நான் வேலைவிட்டு வந்ததிலிருந்து அத்தை ஒரு வார்த்தை பேசலை. மாமா கேட்டாலும் பதில் இல்லை. நாற்காலியில உக்காந்துக்கிட்டு வலது காலை மட்டும் ஆட்டிட்டே இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

அக்கா போனை வைத்தாள். நல்ல பேர் எடுக்கப்போய் உள்ள பேரையும் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் வேறு வேலை ஓடாமல் வண்டியை ஜாக்கியின் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

ஜாக்கி முன் சக்கரத்தைக் கழற்றியதும் தலையில் கை வைத்தான். சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டு கண்ணாடியாக இருக்க வேண்டியது, உழுத வயல் மாதிரி வரிவரியாக இருந்தது. அதைக் கவ்விப் பிடிக்கிற பேடு இரண்டும் தேய்ந்து, வெறும் இரும்பு இரும்போடு உரசியிருந்தது. "பேடு மட்டும் மாத்தினா போதாதுக்கா. புது பேடையும் இந்த டிஸ்க் தின்னுடும். ரெண்டு பக்கமும் டிஸ்க்கையே மாத்தணும்" என்றான். "போன தடவை போட்டது இவ்வளவு சீக்கிரம் தேயாதே. யாரை வச்சு இப்படி மிதிச்சீங்க?"

"என்னை வச்சுத்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

குடையை மடக்கியபடி சம்பந்தியம்மா நின்றிருந்தார். சலவைக்கடையில் விசாரித்து வந்திருக்கிறார். அக்கா பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. குனிந்து டிஸ்க்கைப் பார்த்தார். வரியின்மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"இவ்வளவும் எனக்காக மிதிச்சதா?"

"முக்கால்வாசி" என்றாள் அக்கா.

"நான் கணக்குல முட்டை வாங்கின பிள்ளைக்கு முட்டைதான் போட்டிருக்கேன். பாவம் பாத்து முப்பத்தஞ்சு போட்டா அடுத்த வருஷம் அவன் என்ன பண்ணுவான்? நீங்க எனக்குத் தினமும் நூறு போட்டிருக்கீங்க சம்மந்தி. அதுதான் எனக்குக் கோபம். அவரை வச்சுக்கிட்டு எங்கயாவது போய் மோதியிருந்தா?"

"தப்புத்தான்" என்றாள் அக்கா. "நீங்க கோச்சுக்கிட்டா என் பொண்ணுகிட்ட முகத்தைக் காட்டுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"உங்க பொண்ணு துவைக்கிற லட்சணத்துல என் வெள்ளைப் புடவை மூணு நீலமாயிடுச்சு. அதையே நான் நேர்ல சொல்லலை, நல்லா இருக்கும்மான்னு உடுத்திக்கிட்டுத் திரியறேன். இனிமே அதையும் சொல்லிடறேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஜாக்கி வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டான்.

மத்தியானம் வண்டி தயாரானது. "புது பேடும் புது டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழகணும்" என்றான் ஜாக்கி. "காலி இடத்துல ஓட்டி, வேகத்தைக் குறைச்சுக் குறைச்சு நிறைய தடவை மிதிச்சு விடுங்க. ஒரேயடியா அழுத்தாதீங்க, நடுவுல ஆற விடுங்க. சாவி யாருகிட்ட?"

சம்பந்தியம்மா கையை நீட்டினார்.

மொத்தவிலைச் சந்தைக்கு அன்று விடுமுறை. பின்னால் இருக்கும் பெரிய மைதானத்தில் ஈ, காக்கை இல்லை. அக்கா பக்கத்து சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவசரத்துக்குக் கைப்பிரேக் மேல் மட்டும் ஒரு கையை வைத்துக்கொண்டாள். "இனிமே கால் வராது, வாய்தான் வரும். பரவாயில்லையா?" என்றாள்.

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அதன் பிறகு அந்த மைதானம் கேட்டதெல்லாம் எழுத முடியாது. "பிரேக்! இன்னும் முன்னாடி! அடேயப்பா, பஞ்சாங்கம் பாத்துத்தான் மிதிப்பீங்களா?" என்று அக்கா அத்தனை நாள் பாக்கியையும் தீர்த்தாள். சம்பந்தியம்மா முதல் தடவை தாமதமாக மிதித்தார், இரண்டு பேரும் முன்னால் சாய்ந்து எழுந்தார்கள். அடுத்து ரொம்ப முன்னாலேயே நிறுத்தி, மீதித் தூரத்தைத் தள்ளிக்கொண்டு போகலாமா என்று ஏச்சு வாங்கினார். பிரேக் ஆறட்டும் என்று நிழலில் நிறுத்திய நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள். மறுபடி ஓட்டினார்கள். வெயில் சாயும்போது ஒரு குப்பைத் தொட்டிக்கு முன்னால் சத்தமில்லாமல், குலுக்கலில்லாமல், எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வண்டி நின்றது. அக்காவுக்குத் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குச் சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்த மாதிரி எந்த "சூப்பரு"க்கும் மலர்ந்ததில்லை.

டெஸ்டில் தேறிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற முதல் நாள் தானும் கூட வருகிறேன் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "வேண்டாம்" என்றார் சம்பந்தியம்மா. அக்காவுக்குச் சுருக்கென்றது, கூடவே நியாயம்தான் என்றும் பட்டது. காலை முழுவதும் பாடத்தில் மனசு ஓடவில்லை. கற்றுக்கொள்ள வந்த பையனைத் திட்டக்கூட மறந்துவிட்டாள்.

போன் அடித்தது.

"வந்து சேர்ந்துட்டோம் சம்மந்தி. அவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"வழியில ஒண்ணும் இல்லையே?"

சம்பந்தியம்மா இல்லை என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கூட இருந்தவருக்கோ கண் சரியாகத் தெரியாது.

"ஒரு எடத்துல லேட்டா மிதிச்சேன். முன்னாடி போன வேன் டக்குனு நின்னுடுச்சு. ஒரு முழம்தான் இருந்துச்சு. அவருக்குத் தெரியாது. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலை."

பெற்ற மகள்கூட இப்படித் தன் தப்பை அக்காவிடம் வந்து சொன்னதில்லை. பரவாயில்லை சம்பந்தி, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று ஆறுதல் சொல்ல ஒரு கணம் வாய் வந்தது. அதை விழுங்கினாள்.

"ஒரு முழமா?" என்று போட்ட சத்தத்தில் சாவிக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். "வேனுக்கும் உங்களுக்கும் நடுவுல இடைவெளி விடணும்னு நான் தொண்டை கிழியக் கத்தினதெல்லாம் எங்க போச்சு?"

மறுமுனையில் சம்பந்தியம்மா கலகலவென்று சிரித்தார். "நர்ஸ் கூப்பிடறாங்க. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன், மீதியை அப்பத் திட்டுங்க."